‘அமைதியாக’ என்ற சொல்

அச்சுவேலி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும், கனடாவிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பியும் இருந்தார்கள். அவன் எழுதிய கதை அவள் மடியில் கிடந்தது.

“தம்பி, உந்தச் சொல்லை வெட்டு.”

“எதை, அக்கா?”

“‘அம்மா அமைதியாகக் கண்ணை மூடினா’ எண்டு எழுதியிருக்கிறாய். அமைதியாக எண்டு உனக்கு ஆர் சொன்னது?”

“கதைதானே, அக்கா. வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு ஆறுதல்.”

“மூண்டு நாள் நோவிலை கத்தினவ. உன்னைக் கேட்டுக் கேட்டுக் கத்தினவ. நான்தான் பக்கத்திலை இருந்தனான்.”

அவன் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை வெட்டினான்.

“இப்ப சரியோ?”

“‘கண்ணை மூடினா’வும் வேண்டாம். அம்மா செத்துப்போனா எண்டு எழுது. அவ்வளவு காணும்.”

“அது வெறுமையாக் கிடக்குமே, அக்கா.”

“உனக்கு ஃபோனிலை அப்பிடித்தான் சொன்னனான். அதுக்கும் நீ வரேல்லை.”