ஒரு கோடு இடம், ஒரு கோடு வலம்

லாத்தே என்ற பால்காப்பிக்குப் பாலை அறுபத்தைந்து பாகைக்கு மேல் சூடாக்கக் கூடாது. அதைத் தாண்டினால் பாலின் இயல்பான இனிப்பு போய்விடும். பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் அது திரும்பி வராது. இதை எனக்குச் சொன்னவர் என் கணவர் திருச்செல்வம். அவர் சொல்பவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன்.

அவர் துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஷா ஆலத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். கையுறையில் நீர் நிரப்பி, ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிப்பது என் பணி. எங்களுக்குத் திருமணமாகி முப்பத்தோரு ஆண்டுகள் ஆகின்றன. அந்த ஆண்டுகளில் சாம்பாரில் உப்பு அதிகம் என்று அவர் சொல்லியிருக்கிறார். கிள்ளானில் எந்தத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்குவது, அதற்கு என்ன நிறம் அடிப்பது, மகள் ஷாமினி எந்தப் பள்ளிக்குப் போவது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். என்னிடம் எதையேனும் கேட்டாரா என்றால், எனக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற மாதமே எஸ்பிரெசோ காப்பி இயந்திரம் வாங்கினார். காப்பிக்கொட்டை அரைக்கும் கிரைண்டரும் கூடவே வந்தது. முதல் நாள் அவர் போட்ட லாத்தே, மழைக்குப் பிந்தைய கிள்ளான் ஆற்றின் நிறத்தில் இருந்தது. அதை என் முன்னால் வைத்துவிட்டு, தோளில் துண்டோடு நின்றார்.

"எப்படி இருக்கு, மலர்? உண்மைய சொல்லு."

சமையலறையில் வேறு யாரும் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொண்டேன். பிறகு, புளிக்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. நாக்கின் நுனியில் புளிக்கிறதா, ஓரத்தில் புளிக்கிறதா என்று கேட்டார். ஓரத்தில் என்றேன். அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இப்படிப் பதினாறு நாள்கள் கழிந்தன. காலைதோறும் முக்கால் மணி நேரம் எதிரெதிரே அமர்ந்து என் நாக்கைப் பற்றிப் பேசினோம். நான் சொன்னவற்றுக்காக அவர் இரண்டாவது குறிப்பேடு வாங்க வேண்டியிருந்தது.

பதினேழாம் நாள் லாத்தே சரியாக வந்துவிட்டது. பதினெட்டு கிராம் தூள், இருபத்தெட்டு விநாடி. அவரே ஒரு வாய் குடித்தார், தலையசைத்தார், கோப்பையையும் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள், "குடி, நல்லா இருக்கு," என்று எனக்குச் சொன்னார்.

கிரைண்டரின் கழுத்தில் ஒரு வளையம் உண்டு; அதில் முப்பது கோடுகள். இடப்புறம் திருப்பினால் தூள் பருமனாகும், காப்பி புளிக்கும். வலப்புறம் திருப்பினால் நைசாகும், காப்பி கசக்கும். சரியான கோட்டின்மீது அவர் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தார். நகப்பூச்சு என்னுடையது. அதைத் துடைக்கும் திரவமும் என்னுடையதுதான்.

அடுத்த நாள் காலை அவர் குளிக்கப் போனபோது, புள்ளியைத் துடைத்து, ஒரு கோடு தள்ளி வைத்து, வளையத்தையும் அதற்கேற்பத் திருப்பினேன். ஒரே ஒரு கோடுதான். பெரிய பிழையை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதைத் தொழிற்சாலையில் கற்றிருந்தேன். சிறிய பிழை இருக்கும் இடத்தில் மனிதன் தன்னைத்தான் சந்தேகிப்பான். அன்று காலை அவர் கோப்பையோடு என்னிடம் திரும்பி வந்தார். அவர் திருத்தித் திருத்திச் சரிசெய்துவிட்டால், மறுநாளே மறுபுறம் ஒரு கோடு நகர்த்தினேன்.

ஏழு மாதங்கள் இது தொடர்ந்தது. அவர் முதலில் கொட்டையைச் சந்தேகித்தார், பிறகு கிள்ளானின் தண்ணீரை, அதன்பின் ஈரக்காற்றை. கடைசியில் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து நிஜாம் என்ற பழுதுபார்ப்பவரை வரவழைத்தார். நிஜாம் இரண்டு முறை அரைத்துப் பார்த்தார்.

"மெஷின் ஓகே, அங்கிள். கிரைண்டர் செட்டிங்தான் இடம் மாறி ஓடியிருக்கு. யாராச்சும் தொட்டாங்களா?"

என் கணவர் சிரித்தார். "வீட்டுல நானும் இவளும் மட்டும்தான்லா. இவளுக்கு ரைஸ் குக்கர் தவிர எந்த சுவிட்சும் தெரியாது."

நிஜாம் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு முறுக்கு கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டார். உண்மையை அன்றே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கக்கூடும். ஆனால் என்மீது கணவர் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தீபாவளி நெருங்கியது. நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்துபோகும் திறந்த இல்ல உபசரிப்பில் இந்த ஆண்டு கலர்த் தண்ணீர் கிடையாது, வருகிற ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே லாத்தே என்று பழைய துறைமுக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்துவிட்டார். அதற்கு, இருபது ஆண்டுகளாக அவரைக் கேலி செய்து வந்த யுகேந்திரன், கிளினிக்கில் முன்கூட்டியே இடம் பிடித்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். கணவர் அதை என்னிடம் காட்டினார். சிரிக்க முயன்றார். அந்த ஒரு நாள் தாம் வெல்ல வேண்டும் என்று அவர் விரும்பியது எனக்குத் தெரிந்தது.

ஆகவே, உபசரிப்புக்கு முந்தைய வாரம் முழுவதும் நான் கிரைண்டரைத் தொடவில்லை. லாத்தே ஒவ்வொரு நாளும் அருமையாக வந்தது. அந்த வாரத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: துண்டு எங்கே என்று.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கோப்பை போட்டுப் பார்த்துத் திருப்தியடைந்தார். "மலர், இன்னிக்கு நீ இந்தப் பக்கம் வராத. முறுக்குத் தட்டு காலியாகாம பாத்துக்கோ, போதும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் வளையத்தை மூன்று கோடுகள் வலப்புறம் திருப்பி, புள்ளியையும் அதற்கேற்ப மாற்றி வைத்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணியிருக்கவில்லை. பெரிய பாத்திரத்தையும் காப்பித்தூளையும் ஆறு டின்பாலையும் முதல் நாளே வாங்கி வைத்திருந்தேன் என்பது உண்மை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் கோப்பை சொட்டுச் சொட்டாக இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. யுகேந்திரன் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை உயர்த்திப் பிடித்தார்.

"இது லாத்தே இல்லலா செல்வம், கஷாயம். யாருக்கு ஜுரம்?"

எல்லாரும் சிரித்தார்கள். கணவர் இரண்டாவது கோப்பை போட்டார், மூன்றாவது போட்டார். வரிசையில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். சிவப்புப் புள்ளியைக் குனிந்து பார்த்தார். அது நான் வைத்த இடத்தில்தான் இருந்தது. நான்காவது கோப்பையைப் பாதியில் நிறுத்தினார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தில் என் முகத்தைத் தேடினார்.

நான் அதற்குள் பாத்திரத்தருகே நின்று டின்பால் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். நாற்பத்து மூன்று பேர் குடித்தார்கள். யுகேந்திரன் மூன்று முறை வாங்கினார்.

மாலையில் கணவர் இயந்திரத்தை நெடுநேரம் துடைத்தார். "என் கை சரியில்ல, மலர். நாக்கும் சரியில்ல போல. காலைல நல்லா இருக்குன்னு நெனச்சுத்தான் குடிச்சேன்," என்றார். துண்டை மடித்து வைத்துவிட்டு, "இத வித்துடலாமா? நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

விற்க வேண்டாம், நாளைக்கு மறுபடியும் பார்ப்போம் என்று சொல்லி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்கலங்கினார். அவர் தூங்கப் போனதும் வளையத்தையும் புள்ளியையும் பழைய கோட்டுக்கே கொண்டுவந்தேன். அதன்பிறகு நான் அந்த வளையத்தைத் தொட்டதில்லை. தொட வேண்டிய தேவை ஏற்படவில்லை. லாத்தே இப்போது நாள்தோறும் நன்றாகவே இருக்கிறது. நான் சொல்லும்வரை அவருக்கு அது தெரிவதில்லை.

சாம்பாரை வாயில் வைத்துவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று என்னைப் பார்க்கிறார். வெளியே கிளம்பும்முன் இரண்டு சட்டைகளோடு வந்து நிற்கிறார். அவருடைய பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று ஷாமினி தொலைபேசியில் கேட்டபோது, கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டார்.

நான் செய்தது இவ்வளவுதான். இதனால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளில் நாங்கள் இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை. ஐயமிருந்தால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்வார்.