பத்து மணி பத்து நிமிடம்

விலை உயர்ந்த கைக்கடிகார விளம்பரம் எதைப் பார்த்தாலும் முட்கள் பத்து மணி பத்து நிமிடத்தில்தான் நிற்கும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சிவகாசி அச்சகத்தில் தாள் அடுக்கப் போனபோது மேற்பார்வையாளர் லட்சுமிகாந்தம் சொன்னார்: "இங்கன பாரு தாயி, ரெண்டு முள்ளும் கம்பெனிப் பேரைக் கைதூக்கிக் காட்டுது. மூஞ்சி சிரிச்ச மாரி இல்ல? மணியப் பாத்தா வாங்குதாக? சிரிப்பப் பாத்துல்ல வாங்குதாக."

கழித்துப்போட்ட விளம்பரத் தாள்களைத் தைத்து நோட்டு ஆக்கினேன். ஒரு பக்கம் கடிகாரம், வெற்றுப் பக்கத்தில் என் எழுத்து. நான் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

அச்சகத்தில் ஆர்டர் குறைந்ததும் ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கு வந்தேன். ஒருநாள் ஆலை வேனில், கூட வேலை செய்யும் பானுப்பிரியா என் பையிலிருந்து நோட்டை எடுத்தாள். வேன் ஓட்டும் மாரிக்கண்ணனைப் பற்றிய பக்கத்தை உரக்க வாசித்தாள். "ஏட்டி, இந்த ஊமைக்குள்ள எம்புட்டு ஆசைன்னு கேளுங்கடி. அண்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அதை நான் அன்றே மறந்துவிட்டேன்.

பானு வெடிமருந்து கலக்கும் அறையில் தனியாக வேலை செய்பவள். வெயில் ஏறினால் ஆபத்து. பதினொரு மணிக்கு மேல் கலக்கக் கூடாது. செல்போனை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். அறைக்குள் மணி பார்க்கச் சுவர்க் கடிகாரம் மட்டும்தான். அது ஒருநாள் மாலை நின்றுபோனது. பேட்டரியைத் தளர்த்தியது நான்தான்.

மறுநாள் போர்மேன் பெத்தணன் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டு என்னிடம் கொடுத்தார். "மணி பதினொண்ணு பத்து. சரியா வச்சு மாட்டிரு. பானுவ எந்திரிக்கச் சொல்லு."

பின்னால் இருந்த திருகைத் திருப்பினேன். பத்து பத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். பானுவின் அறைச் சுவரில் மாட்டினேன். அழகாக இருந்தது. மற்ற அறைகள் தள்ளித்தான் இருந்தன. அதையும் யோசித்திருந்தேன்.

"மணி என்னாச்சுடி?" என்றாள் பானு. நான் சுவரைக் காட்டினேன்.

"பத்து பத்துதானா? வெயிலு இந்தப் போடு போடுது. சரி, இன்னும் ரெண்டு கலவை போட்டுருதேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நோட்டு விசயத்த மனசுல வச்சுக்காதடி."

தலையாட்டிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்து உட்கார்ந்தேன். பதினொன்றே முக்காலுக்கு அந்த அறை இல்லை.

போலீஸ்காரர்கள் விசாரித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எழுதத்தான் வரும், இதோ எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று, பானுவிடம் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. மணி கேட்டாள், கடிகாரத்தைக் கைகாட்டினேன்.