மட்டக்குதிரை மேல் நான் ஏறிப் போனது பற்றி

ஃப்ரெடி, வயது 36, த/பெ. காலஞ்சென்ற தவசிமுத்து, வலைக்காரர் சந்து, ராயபுரம், சென்னை-13 என்பவர் காவல் நிலையத்தில் தானாக ஆஜராகிக் கொடுத்த வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் என் மனைவி ஐரீன், என் தாயார் ரோஸ்மேரி ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் கிரேன் ஆபரேட்டராக வேலை செய்கிறேன். என் உயரம் ஆறடி மூன்று அங்குலம், எடை தொண்ணூற்றாறு கிலோ. இந்த வழக்குக்கு அவை தேவைப்படும் என்பதால் முதலிலேயே சொல்கிறேன்.

எனக்கு முன்பு குடிப்பழக்கம் இருந்தது. ரயில் நிலையச் சுவரோரம் நான் விழுந்து கிடந்ததைப் பார்க்காதவர்கள் எங்கள் சந்தில் யாரும் இல்லை. ஒரு தடவை என் தாயார் தனியாக வந்து என்னை நிழலுக்கு இழுத்திருக்கிறார். தலையையும் தோளையும் மட்டும்தான் அவரால் நகர்த்த முடிந்தது, என் கால்கள் வெயிலிலேயே கிடந்தன. கடந்த ஒரு வருடத்துக்கு மேலாக நான் குடிப்பதில்லை. அதன் பிறகு எங்கள் பங்கு கோவில் விழாக் கமிட்டித் தலைவர் ஆன்றோ என்பவர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருடம் குருத்தோலை ஞாயிறு பவனியில் இயேசு வேஷம் நான் போட வேண்டும் என்று சொன்னார். உயரமான ஆள் என்றால் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பது அவர் எண்ணம். நான் சம்மதித்தேன். என்னைத் தரையில் பார்த்த ஜனங்கள் என்னை உயரத்தில் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இயேசு கழுதை மேல் ஏறி ஊருக்குள் வந்ததை நினைவுகூரும் நாள் என்பதால் ஒவ்வொரு வருடமும் பவனிக்கு ஒரு கழுதை வரும். இந்த வருடம் கழுதை கிடைக்கவில்லை. ஆன்றோ தனக்குத் தெரிந்த உபைதுல்லா என்பவரிடம் சொல்லி ஒரு வெள்ளை மட்டக்குதிரைக்கு ஏற்பாடு செய்தார். உபைதுல்லா புளியந்தோப்பில் இருக்கிறார், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். பிறந்தநாள் விழாக்களிலும் பொருட்காட்சியிலும் அந்தக் குதிரை மேல் குழந்தைகளை ஏற்றிச் சுற்றி வருவது அவர் தொழில். குதிரையின் பெயர் குல்பி. குழந்தைகள் வைத்த பெயர் என்று சொன்னார். அது என் இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்.

பவனிக்கு முந்தின நாள் குதிரையைப் பார்க்க நானும் ஆன்றோவும் புளியந்தோப்புக்குப் போனோம். உபைதுல்லா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நைனா, இது கொயந்தைங்க ஏறுற குதிரை. நீ குந்துனா உன் காலு ரோட்ல இழுத்துகினு வரும். அதும் முதுவு தாங்காது" என்று சொன்னார். அதற்கு நான், மலை ஊர்களில் ஆறடி ஆட்கள்கூட மட்டக்குதிரையில் ஏறிப் போகிறார்களே என்று கேட்டேன். எங்கள் யார்டில் வேலை செய்யும் ரகுபதி என்பவர் தன் போனில் அப்படிப் படம் வைத்திருந்தார், அதை நான் பார்த்திருந்தேன். உபைதுல்லா, "அது வேற நைனா. அது மலையில மூட்ட தூக்கி வளந்தது. இது கொயந்தைங்கள தூக்கி வளந்தது. வயசும் ஆயிட்ச்சு" என்றார். அதன் பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். வழி முழுக்க நான் குதிரையின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வர வேண்டும், கோவில் வாசலில் மட்டும் போட்டோவுக்காக ஒரு நிமிடம் ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது அந்த யோசனை. நானும் ஆன்றோவும் சரி என்று ஒப்புக்கொண்டோம். ஆகவே பெரிய ஆள் சின்னக் குதிரையில் ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் ஏறினீர்களா என்று தாங்கள் கேட்டதற்கு என் பதில், எனக்குத் தெரியும் என்பதுதான்.

குருத்தோலை ஞாயிறு அன்று காலையில் பவனி எங்கள் சந்து முனையிலிருந்து கிளம்பியது. நான் வெள்ளை அங்கியும் சிவப்புத் துண்டும் அணிந்திருந்தேன். அங்கி கணுக்காலைத் தாண்டித் தரையைத் தொடும் அளவுக்கு நீளமாகத் தைத்திருந்தார்கள். முதல் தெருவில் ஒப்புக்கொண்டபடி நடந்துதான் போனேன். ஜனங்கள் துண்டுகளையும் சேலைகளையும் ரோட்டில் விரித்தார்கள். அப்போது ஒரு மாடியிலிருந்து யாரோ, "இன்னா ஃப்ரெடி, குதிரைய வாக்கிங் கூட்டிகினு போறியா?" என்று கத்தினார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லோரும் என்னைச் சுவரோரம் பார்த்தவர்கள்.

அதன் பிறகு உபைதுல்லா கடிவாளத்துப் பட்டையைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில் நான் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். சைக்கிளில் உட்காருவது போல் சுலபமாக இருந்தது. குதிரை ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து பிறகு நின்றது. ஜனங்கள் "ஓசன்னா" என்று கோஷம் போட்டார்கள். உபைதுல்லா என் முகத்தைப் பார்த்தார், ஆனால் எதுவும் சொல்லவில்லை. சாமி வேஷத்தில் இருக்கும் ஒருவனை அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில், அதுவும் ஒரு முஸ்லிம் ஆள், கையைப் பிடித்து இறக்கினால் அது எப்படித் தெரியும் என்று அவர் பயந்திருக்க வேண்டும். அவர் அப்படிப் பயப்படுவார் என்பது எனக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அப்படியே இரண்டு தெருக்கள் போனோம். என் பாதங்கள் தரைக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டு வந்தன. வயதான பெண்கள் குனிந்து என் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் ஓட்டும் கிரேனில் அளவுக்கு மேல் பாரம் ஏறினால் மணி அடிக்கும், மேற்கொண்டு தூக்காது. குதிரையிடம் அப்படி ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல முடியாது. அதன் விலா என் முழங்கால்களுக்கு நடுவில் வேகமாக ஏறி இறங்கியது. காதுகள் பின்பக்கம் மடிந்துவிட்டன. கழுத்து முழுக்க வியர்த்து, நான் கை வைத்த இடத்தில் ஈரம் ஒட்டியது. இவற்றை எல்லாம் நான் கவனித்தேன்.

அதன் பிறகு ரயில்வே பாலத்தின் ஏற்றம் வந்தது. உபைதுல்லா திரும்பி, தாழ்ந்த குரலில், "மேடு வருது, எறங்கு நைனா, எறங்கிடு" என்று சொன்னார். நான் கேட்காதது போல் முன்னால் பார்த்தேன். பாலத்தின் உச்சியில் என் தாயார் கையில் குருத்தோலையுடன் நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். மகனைக் கும்பிடுகிறாரா வேஷத்தைக் கும்பிடுகிறாரா என்று எனக்குத் தெரியாது. நான் குதிரை மேல் இருந்தபடியே அவர் இருக்கும் இடம் வரை போய்விட வேண்டும் என்று நினைத்தேன். குதிரை ஏற்றத்தில் பாதியில் நின்றுவிட்டது. அப்போது நான் இரண்டு குதிகால்களாலும் அதன் வயிற்றில் உதைத்தேன். அது நகராததால் மறுபடியும் பலமாக உதைத்தேன். அங்கி மூடியிருந்ததால் இதை யாரும் பார்க்கவில்லை. போன்களில் எடுத்த எந்த வீடியோவிலும் இது தெரியாது.

குதிரை மூன்று நான்கு அடி எடுத்து வைத்தது. அதன் பிறகு முன்னங்கால்கள் மடங்கி, தலை கீழே போனது. உபைதுல்லா ஒரு கையால் கயிற்றை மேலே இழுத்து, இன்னொரு கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, தலை தார் ரோட்டில் மோதாமல் தூக்கப் பார்த்தார். குதிரை அவர் பக்கமாகச் சரிந்து அவருடைய வலது கால் மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு எந்தக் காயமும் இல்லை. குதிரை எனக்குக் கீழே விழுந்தபோது என் பாதங்கள் தரையைத் தொட்டுவிட்டன. அது விழுந்தது, நான் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாததால் சற்று நேரம் "ஓசன்னா" பாடிக்கொண்டே இருந்தார்கள்.

அதன் பிறகு சிலர் சேர்ந்து குதிரையைத் தூக்கி உபைதுல்லாவின் காலை விடுவித்தார்கள். அவரை ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். ஏற்றும்போதும் அவர் தன் காலைப் பார்க்கவில்லை, குதிரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு குட்டியானை லோடு வண்டியைப் பிடித்து, குதிரையைப் பின்னால் படுக்க வைத்து, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் இதன் மேல் ஏறியது என்று கேட்டார். "ஒரு ஆள் சார்" என்று சொன்னேன். டாக்டர் என் அங்கியில் ஒட்டியிருந்த வெள்ளை முடிகளைப் பார்த்தார்.

மறுநாள் வீடியோ எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது. அதில் உபைதுல்லா கயிற்றை இழுப்பது போலவும், குதிரையின் முகத்துக்கு நேராகக் கையை ஓங்குவது போலவும் தெரிகிறது. அதைப் பார்த்து விலங்கு நலனுக்காகப் பாடுபடும் சிலர் புகார் கொடுத்ததில், உபைதுல்லா குதிரையை அடித்து இழுத்துச் சென்றதாக அவர் மேல் வழக்குப் பதிவானது. அவர் ஓங்கியதாகத் தெரிவது அடிப்பதற்காக ஓங்கிய கை அல்ல, தாடையைத் தாங்கப் போன கை. அவ்வளவு அருகில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.

அதன் பிறகு ஆன்றோ என் வீட்டுக்கு வந்தார். "போலீஸ் கேட்டா குதிரைக்கு முந்தியே சீக்கு இருந்துச்சுன்னு சொல்லிரு. கோவில் பேரு கெட்டுரக் கூடாது பாத்துக்க" என்று சொன்னார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்படியே சில நாட்கள் இருந்துவிட்டேன். அந்த நாட்களில் என் தாயார் எனக்குச் சாப்பாடு மட்டும் எடுத்து வைத்தார்.

பிறகு நான் உபைதுல்லாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். காலில் இரும்புக் கம்பி பொருத்தி, மேலே தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி ஷம்ஷாத் பக்கத்தில் இருந்தார். அவர் என் காலிலிருந்து தலை வரை பார்த்துவிட்டு, "அம்மாம் நீட்டு காலு கீதே உனுக்கு, நடந்து போயிருந்தா இன்னா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உபைதுல்லா அவரை அடக்கிவிட்டு, "குல்பி எய்ந்து நிக்குதா?" என்று என்னிடம் கேட்டார். நிற்கிறது என்றேன். போலீஸிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, தானே என்னை ஏற்றி உட்கார வைத்ததாக அவர்களிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கோவில் விசயம். நீ கும்பல்ல ஒருத்தன் இல்ல, சாமி வேசத்துல கீற. உன்ன சொன்னா பேஜாரு எங்கெங்கியோ போவும். என் காலோட முடியட்டும் நைனா" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து, பாலத்தில் நான் உதைத்ததை என் மனைவி ஐரீனிடமும் என் தாயாரிடமும் சொன்னேன். அவர்களிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. ஐரீன் அழுதார். என் தாயார், "நான் அங்க நின்னுருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அது அவர் தவறு அல்ல என்று இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஆன்றோவுக்குப் போன் செய்து, நான் காவல் நிலையம் போகிறேன் என்று தெரிவித்தேன். அவர், இனிமேல் கோவில் காரியம் எதற்கும் நான் வர வேண்டாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

குதிரை உயிரோடு இருக்கிறது. முதுகுத்தண்டு அருகில் அடிபட்டிருப்பதால் இனி ஒரு குழந்தையைக்கூட அதன் மேல் உட்கார வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உபைதுல்லா படுத்திருப்பதால், வேலைக்குப் போகும் முன் நான் புளியந்தோப்புக்குப் போய் அதற்குப் புல்லும் தண்ணீரும் வைத்து வருகிறேன். அந்தப் பகுதிப் பிள்ளைகள் கிட்டே வந்தால் அது தலையை நீட்டித் தடவ விடுகிறது. நான் உள்ளே நுழைந்ததும் நொண்டிக்கொண்டே மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொள்கிறது. நான் வெளியே வந்து தெருவைத் தாண்டும் வரை அது புல்லில் வாய் வைப்பதில்லை.

உபைதுல்லா மேல் எந்தக் குற்றமும் இல்லை. வேண்டாம் என்று தடுத்தவர் அவர். ஏறியவன், இறங்க மறுத்தவன், உதைத்தவன் நான். என்னை யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை. நான் சொன்னதை ஆய்வாளர் எழுதி, எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது, இதில் உள்ளது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
த. ஃப்ரெடி