எழுத்து போகும், முகம் போகாது

மண்ணூரில் என் வீட்டு பீரோவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ஓட்டைக் கம்ப்யூட்டரைக் கொண்டு, சங்கரன்கோவிலில் ஒரு குடித்தனத்தை அறுத்தெடுத்தேன். நடுவில் அறுநூறு கிலோமீட்டர். நான் பனியனைக்கூட மாற்றவில்லை. செலவும் கிடையாது, மென்பொருள் இலவசம்.

இதை நான் சொல்லாத ஆள் இல்லை. டீக்கடையில் சொன்னேன், சலூனில் சொன்னேன், பூசை முடிந்து கோயில் வாசலிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். யாகப்பன் வாயில் எறும்பு நுழைந்தால் யானையாக வெளியே வரும் என்பது ஊர் அபிப்பிராயம். நான் மறுக்கவில்லை. எதையும் கொஞ்சம் ஊதிச் சொல்வதுதான் கேட்கிறவனுக்கு மரியாதை. ஆனால் இதை ஊதவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஃபயர்வாலைப் பற்றி. வீட்டு நெட்டுக்கு வாசலில் நிற்கும் காவல்காரன் அது. எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று அதுதான் முடிவு செய்யும். வளைகுடாவில் நர்ஸாக இருக்கும் என் மகள் எவாஞ்சலின்தான் போடச் சொன்னாள். "மாடி ரூமை வாடகைக்கு விடறே, வைஃபையும் சேத்துக் குடுக்கறே. வர்றவன் எதை எதைப் பாப்பானோ. ஃப்ரீயாவே கெடைக்குதுப்பா, ஒன்னு போட்டுக்கோ."

ரிட்டயரானவனுக்கு வேறென்ன வேலை. பூலோகத்தில் இருக்கும் இலவச ஃபயர்வால் அத்தனையையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இலவசம் என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், முக்கியமான பொத்தானை அழுத்தும்போது காசு கேட்டது. இன்னொன்று கறுப்புத் திரையைக் காட்டிவிட்டு, எல்லாவற்றையும் நீயே எழுதிக்கொள் என்றது. மூன்றாவதற்கு என் கம்ப்யூட்டரின் வயது பிடிக்கவில்லை. கடைசியில் ஒன்று அமைந்தது. கேபிள் செருக இன்னொரு கார்டு மாட்டினால் போதும், பழைய கம்ப்யூட்டரிலேயே ஓடும். எந்த நேரத்தில் எதை நிறுத்தவேண்டும் என்றும் அதற்குச் சொல்லி வைக்கலாம்.

நிறுத்துவதிலும் அது இரண்டு வழி கொடுத்தது. ஒன்று மறுப்பது, கேட்ட போனுக்கு 'முடியாது' என்று பதில் போய்விடும். மற்றது விழுங்குவது; கேட்டது அப்படியே உள்ளே போய்க் காணாமல் போகும், பதிலே வராது. முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் வெளியே நிற்பவன் திட்டிவிட்டுப் போய்விடுவான். திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை என்றால் நின்றுகொண்டே இருப்பான். நான் விழுங்குவதைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டு உபயோகத்துக்கு அதையே சிபாரிசும் செய்வேன்.

இனி தளவாய்.

ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தேன். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டு, பேசச் சொன்னார்கள். பேசினேன். பெருவெள்ளத்தின்போது செம்பரம்பாக்கம் ஏரி திறந்து தண்ணீர் எங்கள் ஃபேக்டரிக்குள் பாய்ந்தது, நான் ஜெனரேட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு நீந்தினேன், குறுக்கே வந்த முதலையைக் காலால் எத்தினேன் என்று அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்வரிசையில் ஒரு இளவட்டம் எழுந்தான். எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்திருந்த தளவாய்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஏரித் தண்ணி கீழ மெட்ராஸ் பக்கம்லா போச்சு? நம்ம கம்பெனி ஏரிக்கு மேல இருக்கு. தண்ணி மேட்டுல ஏறியா வந்துச்சு?"

ஹாலே சிரித்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். முன்வரிசையில் என் மனைவி அன்னபுஷ்பம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவனே ரூம் கேட்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். புதுக் கல்யாணம், மனைவி செல்வலட்சுமி ஊரில் இருந்தாள். வாடகையைக் குறைத்தே கொடுத்தேன். ஆண்டவர் அனுப்பியதைக் கொள்ளை விலைக்கு விடக்கூடாது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனி கிடங்கு எழும்பியதிலிருந்து, அதன் தகரச் சுவர் போன் சிக்னலைத் தின்றுவிடும். வீட்டுக்குள் வைஃபைதான் கதி. பொழுது சாய்ந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் தளவாய் மனைவியோடு வீடியோவில் பேசுவான். நான் ஒரு விதி எழுதினேன். மாலையில் நெட் வழியாக வரும் அழைப்பை, வீடியோவோ வெறும் பேச்சோ, விழுங்கு. காலையில் விட்டுவிடு. குறுஞ்செய்தி எப்போதும் போகலாம். மணி அடிக்கும், எடுத்தால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். எழுத்து போகும், முகம் போகாது.

முழுதாக நிறுத்தியிருந்தால் நெட் ரிப்பேர் என்று இருவருக்கும் புரிந்திருக்கும். காலையில் வருவது மாலையில் வராமல் போனால்தான் மனித மனம் வேலை செய்யும். பேசியே ஆகவேண்டும் என்று அவன் ரோட்டுக்குப் போவான். கன்டெய்னர் லாரி இரைச்சலில், அவளுக்குக் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவான். நான் வாசல் கேட் பக்கம் நின்று கேட்பேன்.

"காலம்பற ரூமுல இருந்து பேசுதீய. சாயந்தரம் மட்டும் ஏன் தெருவுக்கு ஓடுதீய? ரூமுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல தாயி. நெட்டு எடுக்கல."

"அப்போ ரூமுக்குப் போயி காட்டுங்க."

அவன் மாடிக்கு ஓடுவான். வட்டம் சுற்றும்.

"அண்ணாச்சி, நெட்டு என்னன்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னிடமே வந்தான். ஸ்க்ரூடிரைவரோடு மாடி ஏறி, பிளக்கைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். தேங்க்ஸ் சொன்னான்.

ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அவனுடைய போன், என் பெட்டியிடம் அடிக்கடி வேறு வேறு அடையாளம் சொல்லிக்கொண்டு வந்தது. அதனால் விதியை வீடு மொத்தத்துக்கும் போடவேண்டியிருந்தது. எவாஞ்சலினும் டியூட்டி முடிந்து அதே மாலையில்தான் கூப்பிடுவாள். அன்னபுஷ்பம் சாப்பாட்டைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டுப் பேத்தியைப் பார்க்க உட்கார்ந்திருப்பாள். அவள் போனிலும் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்த நாட்டில் வீடியோவுக்குத் தடை போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். நம்பினாள். மெசேஜ் படிக்க அவளுக்கு வராது.

அவள் போனுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கலாம். ஒரே வரி. ஆனால் கீழ்வீட்டில் முகம் தெரிந்து மாடியில் தெரியாவிட்டால் தளவாய் யோசிக்க மாட்டானா. அதனால் எழுதவில்லை. மாலையில் கம்ப்யூட்டர் திரையில் சிவப்பாக ஒரு கோடு வந்து மறையும்போதெல்லாம் என் மகள்தான் முயல்கிறாள் என்று எனக்குத் தெரியும். வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

செல்வலட்சுமி தாய்வீட்டுக்குப் போனாள். பெரியவர்கள் கூடிப் பேசிக் கல்யாணத்தை அத்துவிட்டார்கள். தளவாய் வேலையை விட்டு ரூமைக் காலி செய்தான். பை தோளில் இருக்கும்போது சொன்னேன்: "தளவாய், அந்த வீடியோவை நிறுத்துனது நான்தான். வேணும்னே பண்ணேன்."

அவன் என்னையே பார்த்தான். கண் கலங்கியது. பிறகு சிரித்தான்.

"அண்ணாச்சி, மறுபடியும் தண்ணிய மேட்டுல ஏத்துதீயளே. எம் மனசு ஆறணும்னு பழிய உங்க தலையில தூக்கி வச்சிக்கிடுதீய. உங்கள மாதிரி யாரு இருப்பா." குனிந்து காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

ஒரு மனிதனுக்கு இதைவிடப் பெரிய நஷ்டம் வரக்கூடாது. அவ்வளவு பாடுபட்டு முடித்த காரியத்தை, அனுபவித்தவனே நம்பாமல் போகிறான். அடுத்த நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அன்னபுஷ்பத்திடம் ஆதியோடந்தமாகச் சொன்னேன்.

"இன்னாயா கத வுடறே," என்றாள். "மொதலய ஒதச்ச காலு, இப்ப கம்ப்யூட்டரயும் ஒதச்சிச்சா? ஒரு குடும்பம் கெட்டுக் கெடக்குது, அதுலயும் வந்து பெரும பேசிக்கினு நிக்கிற. போய் வேலயப் பாரு."

நான் ஸ்டூல் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த கம்ப்யூட்டரை அணைத்தேன். கேபிளை அதிலிருந்து பிடுங்கி, வைஃபை பெட்டியில் நேராகச் செருகினேன். "மணி அடிக்கும். எடுத்துப் பாரு," என்றேன்.

அடித்தது. எடுத்தாள். வட்டம் சுற்றவில்லை. எவாஞ்சலினின் முகம் வந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை சோபாவிலிருந்து இறங்கி, தடதடவென்று போனை நோக்கி ஓடி வந்தது.

"அடியே, புள்ள நடக்குதாடி?"

"அம்மா, அவ நடந்து எவ்ளோ நாளாச்சு. தெனமும்தான் கூப்புடறேன், உன் மூஞ்சியே வர மாட்டேங்குதே. உங்க ஊர்ல வீடியோ எடுக்காதுன்னு அப்பாதான் மெசேஜ் போட்டாரு."

அன்னபுஷ்பம் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஸ்டூல் மேல் நின்றிருந்த என்னையும், அணைந்து கிடந்த கம்ப்யூட்டரையும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"நிஜந்தான்யா," என்றாள். "நீதான் செஞ்சிருக்கே. அந்தத் தளவாய்க்கு மட்டும் இல்ல. அன்னிக்கு ஹால்ல நானும் சிரிச்சேன்ல, எனுக்கும் சேத்துத்தான் செஞ்சிருக்கே."

கடைசியாகச் சொன்னது மட்டும் அவள் கொஞ்சம் ஊதிச் சொன்னது.