சகலை வண்டிச் சக்கரம்

— அக்கா, என் சகலை வண்டிக்குப் போட்டீங்களே, அந்தச் சக்கரம் எனக்கு வேணாம். அதைவிட ஒரு சைஸ் பெரிசா போடுங்க.

— இங்க பாரு தம்பி, உன் வண்டி ஜாக்கி மேல நிக்குது, நாலு சக்கரத்தையும் கழட்டி அளந்துட்டேன். அதைவிடப் பெரிசு அடங்காது. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா டயர் உள்ள உரசும்.

— உரசட்டும்.

— கிழியும்.

— சரி, அவனுக்குப் போட்டதையாவது அப்படியே போடுங்க. அந்த அகல டயர், உள்ள சிவப்பா தெரியுதே பெரிய பிரேக், ஒண்ணு விடாம.

— புலியைப் பார்த்து பூனை சூடு போட்டுக்கிட்ட கதையா இருக்கு. குழியில விழுந்தா இடுப்பு கழண்டுடும், பரவாயில்லையா?

— வளைவுல அவன் வண்டி தரையைப் பிடிச்சுக்கிட்டு என்னமா திரும்புது! எனக்கு வயிறு எரியுது அக்கா, உங்ககிட்ட என்ன ஒளிவு மறைவு. ஞாயித்துக்கிழமைன்னா குடும்பத்தோட மலைக்குப் போவோம். போகும்போது மாமனார் அவன் வண்டி, வரும்போது என் வண்டி. ரெண்டு மாப்பிள்ளைக்கும் சமமாம்.

— சமமாத்தானே இருக்கு?

— எங்க சமம்? அவன் வண்டில மனுஷன் கண்ணு கொட்டாம, மேல இருக்கிற கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, நிமிர்ந்து உக்காந்து ரசிச்சுக்கிட்டே போறார். என் வண்டில? சீட்டுல சாய்ஞ்சதும் குறட்டை. வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை கிடையாது. நான் மூத்த மாப்பிள்ளை அக்கா! அவன் நேத்து வந்தவன்.

— இதைக் கையில பிடி.

— என்ன இது?

— உன் பிரேக் பேடு. மூணு வருஷம் ஆச்சு, பாதி கூடத் தேயல. உன் சகலைக்கு ஆறு மாசத்துக்கு ஒரு ஜோடி தீந்துபோகுது.

— பார்த்தீங்களா, அதுலயும் அவன்தான் முன்னாடி!

— அட லூசு! அவர் வளைவுக்குள்ள பாய்ஞ்சிட்டு அப்புறம் மிதிக்கிறார். நீ வளைவு வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கிற. அவருக்குப் பெரிய பிரேக் போடச் சொன்னது யாருன்னு நினைக்கிற?

— யாரு? அவன்தான், பந்தாவுக்கு.

— உன் மாமனார். உன் சகலையைக் கையோட கூட்டிட்டு வந்து, வேலை முடியிற வரைக்கும் இந்த ஸ்டூலை விட்டு எந்திரிக்கல. ‘சின்ன மாப்பிள்ளை வண்டில உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு போறேம்மா, ஏறலன்னா மனசு நோகும். பெரிய மாப்பிள்ளை வண்டிலதான் நிம்மதியாத் தூங்குறேன்’னார்.

— ...இதை அவன் இல்லாதப்பதானே சொன்னார்?

— பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார் உன் சகலை. மூஞ்சி செத்துப்போச்சு.

— அப்புறம்?

— அப்புறம் என்ன, இன்னிக்குக் காலைல கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறார். ‘எல்லாத்தையும் கழட்டிடுங்க அக்கா, மூத்தவர் வண்டில என்ன சக்கரம் இருக்கோ அதையே எனக்கும் மாட்டுங்க’ன்னு.