அண்ணை கோவிப்பார்

நான் யாரையும் சபையில் வைத்து மறுத்துப் பேசுகிறவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சமெல்லாம் லேசாக விளங்கும்.

ஹனோவரில் எங்கள் ஆட்களுக்கு எங்காவது நேரம் குறித்த ஒரு டெர்மின் என்றால், அது வெளிநாட்டவர் அலுவலகமோ பல் வைத்தியரோ, கூடப் போகிறவன் நான்தான். அதிகாரி கேள்வி கேட்டதும் அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பதில் நான் சொல்லுவேன். வீட்டில் எல்லாம் ஒழுங்கா? ஓம், ஒழுங்கு. ஜெர்மன் படிக்கிறாரா? ஓம், நன்றாகப் படிக்கிறார். இப்படி ஓம் சொல்லியே எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்திருக்கிறேன். "றெக்ஸ் தங்கமான ஆள், ஒருத்தரையும் எதிர்த்து ஒரு சொல் கதைக்கமாட்டார்" என்று கோயிலடியில் சொல்லுவார்கள். உண்மைதான். செல்வரட்ணம் அண்ணையைக்கூட நான் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் தண்ணீருக்குள் இறங்கும்போதும் பேசவில்லை.

அண்ணை எங்கள் ஹனோவர்க் கத்தோலிக்கருக்குள் மூத்தவர். நான் ஜெர்மனிக்கு வந்தபோது படுக்க இடம் தந்தவர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை எடுத்துத் தந்தவர். அதற்கெல்லாம் முன்பு, எண்பதுகளின் கடைசியில், மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு என்னோடு ஒரே படகில் ஏறியவர். இந்த ஒரு படகைப் பற்றித்தான் எங்களுக்குள் பிரச்சினை. அது பிரச்சினை என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படகு மணல்திட்டுகளுக்கு வந்துசேர முன்னம் கவிழ்ந்தது. அண்ணைக்கு நீந்தத் தெரியாது. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவர், கடலைக் கரையில் நின்று பார்த்ததோடு சரி. எனக்கும் தெரியாது. சிறுவயதில் இழுப்பு நோய் இருந்ததால் அம்மா என்னைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை. நீந்தத் தெரிந்தவன் என் தமையன் யாகோப்பு. முதலில் என்னை இழுத்துக்கொண்டு போய்த் திட்டில் போட்டான். பிறகு அண்ணையைக் கொண்டுவந்து போட்டான். இன்னொருவருக்காகத் திரும்பிப் போனவன் வரவில்லை. அண்ணை என் மடியில் தலை வைத்து உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். நான் அவருடைய முதுகைத் தடவிவிட்டேன்.

இதை அண்ணை ஹனோவரில் சொன்ன விதம் வேறு. ஆரம்பத்தில் "நானும் யாகோப்புவும் நீந்திப் போனம்" என்றார். சரி, மனிதருக்கு வெட்கம் இருக்கும் என்று விட்டுவிட்டேன். சில வருடங்களில் யாகோப்பு உதவியாளன் ஆனான். பிறகு கதையில் அவனுக்கு இடம் போதவில்லை. கடல் அகன்றுகொண்டே போனது. ஓர் உயிர்த்த ஞாயிறு விருந்தில் சுறா வந்தது. டொறத்தி அக்கா, அண்ணையின் மனைவி, ரோல்ஸ் தட்டை எல்லோருக்கும் நீட்டியபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டா. நானும் மரியாதைக்கு "பெரிய சுறாவே அண்ணை?" என்று கேட்டேன். "பெரிசு" என்றார். அடுத்த முறை அது இன்னும் வளர்ந்திருந்தது. தீனி போட்டவன் நான்தான்.

போன வருடம் மாதா திருவிழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரையும் காப்பாத்தினன். நீந்தத் தெரியாத ஒரு பொடியன், யாகோப்பு எண்டு பேர், அவனைத்தான் என்னால காப்பாத்த ஏலாமப் போச்சு." மண்டபம் கை தட்டியது. மேடையிலிருந்து என்னைப் பார்த்து, "என்ன றெக்ஸ்?" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

எனக்கு வெறுப்பு வந்தது. அதற்கு நாகரிகமான வேறு சொல் இருக்கலாம், ஆனால் வந்தது வெறுப்புத்தான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளையை நீந்தத் தெரியாதவனாக்கி, அவன் சாவுக்குக் கைதட்டும் வாங்கிவிட்டார். எழும்பி நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சபையில் மூத்தவரை அப்படி அவமானப்படுத்துவது எங்கள் வழக்கம் அல்ல. அவரை மறுக்கும் தகுதி கடலுக்குத்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அண்ணையும் அக்காவும் கலியாணம் முடித்து நாற்பது வருடம் ஆனதற்கு நான் ஒரு பரிசு கொடுத்தேன். கிரேக்கத்தில் ஒரு தீவு. அதன் கரையோரமாக நாள் முழுக்கச் சுற்றிவரும் ஒரு பாய்மரப் படகு, எங்களுக்கு மட்டுமாக. வெளியாட்கள் கிடையாது. தேடிப் பிடிக்க நேரம் எடுத்தது. ஏனென்றால் பெரும்பாலான படகுகள் மணற்கரையோரம், இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்துகிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு அது நல்லது. நான் பிடித்த படகு பாறைக் குகைகளுக்குப் பக்கத்தில், நல்ல ஆழத்தில் நங்கூரம் போடுகிறது. தண்ணீர் அங்கேதான் கடும் நீலமாம்.

அண்ணையின் மகள் சுபானியையும், அவளுக்கு நிச்சயித்திருக்கும் நரேஷையும் கூப்பிடச் சொன்னதும் நான்தான். நரேஷ் கோயம்புத்தூர்ப் பிள்ளை, வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை. நல்ல பணிவு. அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில் நடப்பதால் அவருக்கு ஜெர்மன் ஏறவில்லை என்று அண்ணைக்கு ஒரே கவலை. எனக்கு அது கவலையாகப் படவில்லை. அண்ணையின் கதையை நரேஷ் ஒருமுறையும் முழுதாகக் கேட்டதில்லை. புதுக் காதுக்கு முன்னால் அண்ணை எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கப்டன் நல்ல மனிதர். ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்தவர் என்பதால் என்னோடு ஜெர்மனில் பேசினார். ஏறியதுமே எல்லோருக்கும் நீந்தத் தெரியுமா என்று கேட்டார். பழக்கதோஷம், எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். உடனே ஓர் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிவிட்டார். நரேஷுக்கும் தெரியாது, அவருக்கும் ஒன்று. பெண்களுக்கும் கொடுத்தார். அண்ணையிடம் ஒன்றை நீட்டியபோது நான் குறுக்கிட்டேன். இவர் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நீந்திப் போனவர் என்றேன். கப்டன் சட்டையைப் பின்னால் எடுத்து, தொப்பியைக் கழற்றி வணக்கம் வைத்தார். அதையே நரேஷுக்காகத் தமிழிலும் சொன்னேன்.

"அங்கிள், சீரியஸாவா? செம்ம அங்கிள்!" என்றார் நரேஷ்.

"சின்ன வயசில, தம்பி" என்றார் அண்ணை. ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவரை ஏமாற்றினேனா? அவருடைய கதையைத்தானே சொன்னேன். சுறாவைக்கூட நான் சேர்க்கவில்லை. அதை அவரே சேர்த்துக்கொண்டார்.

அழகான நாள். வெள்ளை வீடுகள், காற்றாலைகள், ஆட்டுக்குட்டிகள் நிற்கும் பாறைகள். டொறத்தி அக்கா ஹனோவரிலிருந்து கொண்டுவந்த பற்றிஸை எல்லோருக்கும் பகிர்ந்தா. கப்டனுக்கு அதன் உறைப்பில் கண்ணீர் வந்தது. சுபானிக்குத்தான் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. குடல் பிரட்டி, கீழே அறையில் படுத்துவிட்டாள். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தா. பயண வாந்திக்கான மாத்திரை என் பைக்குள் இருந்தது. காலையில் சுபானியே பத்திரப்படுத்தச் சொல்லித் தந்தது. ஞாபகம் இருந்தது. எடுத்துக் கொடுக்கவில்லை.

ஆகவே குகைகளுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டபோது மேலே நாங்கள் நான்கு பேர்தான்: அண்ணை, நரேஷ், நான், கப்டன். யாராவது குளிக்கிறீர்களா என்று கப்டன் கேட்டார். நரேஷ் போனை எடுத்துவிட்டார்.

"அங்கிள், ஒரே ஒரு ரவுண்ட். சுபாக்கு வீடியோ எடுத்துக் காட்டறேன். ப்ளீஸ் அங்கிள்."

அண்ணை என்னைப் பார்த்தார். டெர்மின்களில் எல்லோரும் என்னைப் பார்க்கும் அதே பார்வை. எனக்காக நீ பதில் சொல், என்னை இதிலிருந்து எடுத்துவிடு என்கிற பார்வை. மனிதருக்கு முழங்கால் நோ, இரத்த அழுத்தம், இப்போதுதான் சாப்பிட்டார், எத்தனையோ சொல்லியிருக்கலாம். நான் எத்தனை ஆயிரம் சாட்டுகளை எத்தனை அலுவலகங்களில் சொன்னவன்.

"அண்ணைக்கு இதெல்லாம் ஒரு தண்ணியே?" என்றேன்.

அவர் சேட்டைக் கழற்றி மடித்து வைத்தார். ஏணியில் மெல்ல இறங்கினார். கழுத்தளவில் நின்று, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி மேலே பார்த்து, நரேஷுக்குக் கேட்காமல் சொன்னார்.

"றெக்ஸ், தண்ணி சரியான குளிரடா."

அதற்கு "ஓம் அண்ணை, ஏறி வாங்கோ" என்று சொன்னால் போதும். என் வாழ்நாள் முழுக்கச் சொன்ன ஓம். அவர் அதற்காகத்தான் காத்திருந்தார்.

"நீங்கள் பாக்காத குளிரே, அண்ணை?" என்றேன்.

அவர் கொஞ்சநேரம் என் முகத்தையே பார்த்தார். விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஏறி வந்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மருமகனாக வரப்போகிறவர் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே. அண்ணை கையை விட்டார்.

ஆள் தாழும்போது பெரிய ஆரவாரம் ஒன்றும் இருப்பதில்லை. வாயைத் தண்ணீர் அடைத்துவிடுவதால் கூப்பிட முடியாது. எனக்கு அது முன்பே தெரியும். நரேஷ் அதை ஏதோ நீச்சல் வகை என்று நினைத்து "சூப்பர் அங்கிள்" என்றார். கப்டனுக்குச் சந்தேகம் வந்தது. மிதவை வளையத்தைக் கொக்கியிலிருந்து கழற்றினார். நான் அவருடைய கையைப் பிடித்தேன்.

"நிஹ்ட் நோட்டிஹ்" என்றேன். தேவையில்லை என்று அர்த்தம். இவர் மூச்சடக்கிச் சுழியோடுகிறவர், இப்போது வளையத்தை எறிந்தால் கோவிப்பார் என்றும் சொன்னேன். வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு கப்டன் தயங்கினார். விருந்தாளியின் மனம் நோகக்கூடாது என்று நினைப்பவர்கள் எங்களைப் போலவே கிரேக்கத்திலும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் போதுமாக இருந்தது.

பிறகு அவர் என்னைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அண்ணையை மேலே கொண்டுவந்து நெஞ்சை அமுக்கினார். அக்கா கீழேயிருந்து ஓடி வந்து போட்ட சத்தம் குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. அண்ணையின் வாயிலிருந்து உப்புத்தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. இந்த முறை நான் முதுகைத் தடவவில்லை.

துறைமுகப் பொலிசிடம் கப்டன் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். பதற்றத்தில் அவருக்கு மாறி விளங்கியிருக்கும் என்று நான் விளக்கினேன். நான் எவ்வளவு அமைதியாகப் பேசுகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவருக்கு அங்கே வழக்கு நடக்கிறதாம், படகையும் நிறுத்திவிட்டார்களாம். வருத்தம்தான். நல்ல மனிதர்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு, மண்டபத்தில் எல்லோருக்கும் முன்னால் டொறத்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. "றெக்ஸ், நீ அவரைக் காப்பாத்தக் குதிச்சனிதானே? ஒருத்தரும் குதிக்காமலே அவர் போனவர்?" கப்டன் பாய்ந்தது அக்காவுக்குக் கணக்காகவே படவில்லை, அவர் எங்கள் ஆள் இல்லையே. அவவின் கண்ணைப் பார்த்தேன். அழுதழுது வீங்கியிருந்தது. மறுக்க மனம் வருமா?

"ஓம் அக்கா" என்றேன்.

அதன்பிறகு எல்லோரும் கேட்கிறார்கள், நானும் சொல்லுகிறேன். ஐஸ் மாதிரித் தண்ணீர். ஆள் உயர அலை. அண்ணையின் கை என் கையில் பட்டு நழுவியது. சொல்லும்போது எனக்கே உடம்பு நடுங்குகிறது. என் காலில் ஒரு சொட்டும் படவில்லை என்பதையும் சேர்த்து உங்களிடம் சொல்லிவிடுகிறேன். அவர் சாவதை நான் ஏற்பாடு செய்தேன், நின்று பார்த்தேன், காப்பாற்ற வந்தவரையும் பிடித்து வைத்தேன். யாகோப்புவுக்காகத்தான் செய்தேன். இந்த வருடம் மாதா திருவிழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். மேடையில் யாகோப்புவைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறேன், நேரம் இருந்தால்.

நரேஷ் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கதை சொல்லும் இடங்களில் முன் வரிசையில் இருந்து, தலையைச் சரித்துக் கேட்பார். அந்த வீடியோவைப் பலமுறை போட்டுப் பார்த்தாராம். அதில் என் ஆரஞ்சுச் சட்டை காய்ந்துதான் இருக்கும். ஆனாலும் சபையில் ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. அப்படி வளர்த்திருக்கிறார்கள்.

போன ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் என்னிடம் வந்தார். "அங்கிள், மாமாவுக்காக அவ்ளோ ஆழத்துல குதிச்சவர் நீங்க. இந்த சம்மர் அதே இடத்துக்குப் போய் ஒரு மாலை போட்டுட்டு வரலாம். நீங்களே நீந்திப் போய்ப் போடணும். போட் நான் புக் பண்ணிட்டேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தா. மண்டபமே பார்த்தது. "ஓம் தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல?

வெளியே வரும்போது, எனக்கு ஒரு மிதவைச் சட்டைக்கும் சொல்லி வைக்கச் சொன்னேன். நரேஷ் சிரித்துக்கொண்டு என் தோளில் கை வைத்தார்.

"நிஹ்ட் நோட்டிஹ், அங்கிள்."

உச்சரிப்பு அப்படியே என்னுடையது மாதிரி. இந்தப் பிள்ளைக்கு ஜெர்மன் ஏறாது என்று அண்ணை எவ்வளவு கவலைப்பட்டார். பாவம், இருந்து கேட்டிருக்கலாம்.