ஒரே ஒரு அட்டை

— முடியாதுன்னா முடியாது. கவுண்டரை விட்டு வெளிய வா முதல்ல. அந்த டிராயரைத் திறக்காத.

— அக்கா, ஒரே ஒரு அட்டை மாத்திரை. ஆறு வருஷமா கேட்டப்பல்லாம் கொடுத்த, இன்னைக்கு மட்டும் என்ன புதுசா?

— இன்னைக்கு உன் ரிப்போர்ட் என் கையில இருக்கு, அதான் புதுசு. கேளு, இதை நீ படிச்சியா?

— படிச்சேன், பாதி புரியல. பதினொரு மருந்தோட பேரை வரிசையா எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிரே ஒரு எழுத்து போட்டிருக்காங்க, ஸ்கூல் மார்க் ஷீட் மாதிரி.

— உன் அக்குள் கட்டியில இருந்து எடுத்த சீழ்ல என்ன கிருமி இருக்குன்னு வளர்த்துப் பாத்திருக்காங்க. அந்தப் பதினொரு மருந்தையும் அதுமேல வச்சுப் பாத்தாச்சு. ஒன்பதுக்கு அது அசையவே இல்ல. நான் உனக்குக் கொடுத்த மூணும் அந்த ஒன்பதுல இருக்குடி.

— அசையலன்னா, ரெண்டு வேளைக்குப் பதிலா மூணு வேளை...

— வாயை மூடு.

— ஏம்மா, மருந்துக் கடைம்மா! ஒரே ஜலதோஷம். போன தடவை ஒரு சிவப்பு மாத்திரை கொடுத்தீங்களே, அதுல நாலு கொடுங்க.

— அது ஆன்டிபயாடிக் ஐயா. டாக்டர் சீட்டு இல்லாம கொடுக்க மாட்டேன். ஜலதோஷத்துக்கு அது கேக்கவும் கேக்காது.

— போன தடவை கொடுத்தீங்களேம்மா!

— போன தடவை தப்பு பண்ணினேன். வெந்நீர் குடிச்சுட்டு நல்லாத் தூங்குங்க.

— நல்லா வியாபாரம் பண்றீங்க. நான் எதிர்க் கடையிலயே வாங்கிக்கிறேன்.

— பாத்தியா, போயிட்டார். இப்படியாக்கா கடை நடத்தப் போற?

— இனிமே இப்படித்தான். நீ உக்காரு. ஏன் காலை மாத்தி மாத்தி வச்சு நிக்குற, சுடுமணல்ல நிக்கிற மாதிரி?

— உக்காந்தா கை உடம்போட ஒட்டிக்குது, உயிர் போகுது. காலையிலேர்ந்து பார்லர்ல மூணு பேருக்கு முடி வெட்டினேன்க்கா, அதுல ஒரு அம்மா கண்ணாடியில என்னையே பாத்துக்கிட்டு மூக்கைச் சுளிச்சாங்க, ஏதோ வாடை வருதேன்னாங்க, சாக்கடை அடைச்சிருக்கும்மான்னு சொல்லிட்டு ஜன்னலைத் திறந்து விட்டேன். ஆறு வருஷமா எங்க பார்லர்ல சாக்கடை அடைச்சிருக்கு.

— சிரிக்காத.

— நான் எங்க சிரிச்சேன்? நீ ஏன் அழுற?

— அழல. டாக்டரம்மா என்ன சொன்னாங்க, அதைச் சொல்லு.

— இது கிருமியால ஆரம்பிக்கிற வியாதியே இல்லையாம். உடம்பே தன்மேல கோவிச்சுக்கிட்டு, தோலுக்கு அடியில வீங்கி வீங்கி வழி போட்டுக்குதாம். அந்த வழியில கிருமி பின்னாடி வந்து குடியேறுமாம். மாத்திரை கொஞ்ச நாள் வீக்கத்தை அமுக்கும், ஆனா யாரும் பாக்காம விட்டு விட்டுத் தின்னதுல கிருமி பழகிடுச்சுன்னாங்க. அந்தக் கோவத்தைத் தணிக்க ஒரு ஊசி இருக்காம். ஆழமாப் போனதை மட்டும் வியாழக்கிழமை அறுத்து எடுக்கணுமாம்.

— அப்புறம்?

— இத்தனை வருஷமா மாத்திரை யார் கொடுத்தாங்கன்னு கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— ஞாபகம் இல்லைன்னேன்.

— ஏண்டி பொய் சொன்ன?

— உன் லைசென்ஸுக்கு ஏதாவது வந்துட்டா? உன் கடையாச்சேக்கா.

— வந்தா வரட்டும். கேளு. முதல் கட்டி வந்தப்போ என்ன சொன்ன? யார்கிட்டயும் காட்ட வெக்கமா இருக்குக்கா, நீயே பாத்து ஏதாவது கொடுன்ன. அன்னைக்கே உன்னைத் தரதரன்னு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிருக்கணும். நான் ஒரு அட்டையை நீட்டினேன். மூணு நாள்ல அமுங்கிச்சு, எனக்கு ஒரே பெருமை. திரும்ப வந்துச்சு, திரும்பவும் நீட்டினேன். எத்தனை தடவைன்னு எண்ணக்கூட இல்ல.

— சும்மா எல்லாத்தையும் உன் தலையில தூக்கிப் போட்டுக்காத. வலி நின்னதும் பாதியில நிறுத்திட்டு மிச்சத்தை டப்பாவுல போட்டு வச்சது யாரு, நான்தானே? அடுத்த கட்டிக்கு அந்த மிச்சத்தைத் தின்னதும் நான்தான்.

— வியாழக்கிழமை அறுக்கிற இடத்துல இந்தக் கிருமி புகுந்துச்சுன்னா கொடுக்க ரெண்டே மருந்துதான் இருக்கு. ரெண்டுமே ஆஸ்பத்திரியில படுக்க வச்சு ஊசியாத்தான் ஏத்தணும். இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கு இந்த அட்டையைக் கேக்குற?

— ஒரு தைரியத்துக்குத்தான். வீட்ல இருக்கட்டுமேன்னு.

— தைரியத்துக்கு மாத்திரையா? கேளு, ரிப்போர்ட்டோட வச்சிருக்கிற சீட்டுல இந்தக் கடைசி வரியை நீ பாத்தியா இல்லையா? "நான்கு மாதமாக எந்த மாத்திரையும் எடுக்கவில்லை"ன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க.

— கேட்டாங்க, சொன்னேன்.

— அதுவும் பொய்யா?

— அது பொய் இல்லக்கா. நிஜமாவே விட்டுட்டேன். எதைத் தின்னாலும் வயித்தைக் கலக்குது, கட்டியும் அமுங்கல, அப்புறம் எதுக்குன்னு விட்டுட்டேன்.

— போன மாசம் ரெண்டு அட்டை வாங்கிட்டுப் போன. அதுக்கு முந்தின மாசமும் ரெண்டு.

— கடைக்கு ஆள் வருது பாரு.

— யாரும் வரல. இங்க பாரு. நீ திங்கலைன்னா அந்த மாத்திரையெல்லாம் எங்க போச்சு?

— எனக்கு நேரமாச்சு, ஒரு அம்மா சாயம் பூசிக்க ரெண்டு மணிக்கு வர்றதாச் சொல்லியிருக்காங்க...

— நில்லு. பையை வை. பார்லர்ல கூட வேலை பாக்குறாங்களே, அவங்களுக்குக் கொடுத்தியா?

— இல்ல.

— உன் வீட்டுக்காரருக்கா?

— அவருக்கு எதுவுமே தெரியாதுக்கா. கத்தாத, தெருவுக்கே கேக்குது.

— அப்ப யாருக்குடி?

— என் பொண்ணுக்குக்கா. பதில் தெரிஞ்சாலும் கிளாஸ்ல கையைத் தூக்கவே மாட்டேங்குறாளேன்னு டீச்சர் கூப்பிட்டுக் கேட்டாங்க, அன்னைக்குச் சாயங்காலம் கதவைச் சாத்திட்டு அவ சட்டையைக் கழட்டி அக்குளைப் பாத்தேன்.